சிஏ-125: 35 என்ற எல்லைக்கோடு பற்றி

சூலகக் கட்டிகள் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, இரத்தத்தில் அளக்கப்படும் சிஏ-125 என்ற புரதத்தின் அளவு 35 யூனிட்டைத் தாண்டினாலே புற்றுநோயை ஐயுற வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது போதாது என எண்ணுகிறேன். மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல்), வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் அந்த அளவு உயரும். முதல் நிலைப் புற்றுநோயிலோ ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது உயராமலே இருந்துவிடும். காரைக்குடியில் 38 வயதான என் அத்தை மகளுக்கு 90 என்று வந்த அறிக்கையைக் கண்டு, வளவில் கூடியிருந்த ஆச்சிமார் உட்பட அனைவரும் கலங்கிப்போனோம். (சோதனை நிலையம் அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டதோடு சரி.) பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுத்த பிறகே, அது பழைய இரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி என்று தெரிந்தது.

கட்டுரையில் விடுபட்டது, 1990-இல் முன்வைக்கப்பட்டு இன்றும் பயன்படும் ஆர்எம்ஐ கணக்கு; கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடுவது அது. ஸ்கேனில் கட்டிக்குள் பல அறைகள், திடப்பகுதி, இருபுறமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடப் பரவல் ஆகியவற்றுள் எதுவும் இல்லையெனில் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் இருந்தால் 3; மாதவிலக்கு நின்றவருக்கு 3, மற்றவருக்கு 1; இவ்விரண்டையும் சிஏ-125 அளவோடு பெருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்கேன் அறிகுறியுடன் அதே 90 இருந்தால், என் அத்தை மகளின் வயதில் விடை 90தான். மாதவிலக்கு நின்ற அவளுடைய தாயாருக்கோ அது 270 ஆகி, பெரிதும் பின்பற்றப்படும் 200 என்ற எல்லையைக் கடந்துவிடும்.

40 வயதுக்குட்பட்டவர்களின் சிக்கலான கட்டிகளுக்கு ஏஎஃப்பி, எல்டிஹெச், எச்சிஜி ஆகிய வேறு இரத்தச் சோதனைகளையும் பார்ப்பார்கள். அவற்றையும் கட்டுரையில் சேர்த்தால் நன்று.