பசு மாறியதா, பால் மாறியதா?

தமிழக அமைச்சரவை மாற்றம் பற்றி 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு நான் போட்ட இரண்டு வரிப் பதிவுக்கு வந்த பதில்களைப் படித்த வயிற்றெரிச்சலில் இதை எழுதுகிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி. பால்வளத் துறை அமைச்சர் மனோ தங்கராஜை அன்றைக்கு ஏன் பதவியிலிருந்து எடுத்தார்கள், இன்றைக்கு ஏன் மறுபடி சேர்த்தார்கள்? 'மாஸ்டர் ஸ்ட்ரோக்' என்கிறார் ஒருவர். '2026 தேர்தல் கணக்கு, உங்களுக்குப் புரியாது' என்கிறார் இன்னொருவர். என் சொந்த அக்கா மகன், நான்கு வருடமாக வட்டச் செயலாளர் ஆகப் போகிறேன், ஆகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருப்பவன், "மாமா, பென்ஷனை வாங்கிக்கொண்டு பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வேலையைப் பாருங்கள்" என்று ஊரறிய எழுதியிருக்கிறான். பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று, மருமகனே. எனக்கு நேரம் இருக்கிறது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் கடைசியில் மூன்று பேரை அமைச்சரவையிலிருந்து எடுத்தார்கள். மனோ தங்கராஜ், செஞ்சி மஸ்தான், ராமச்சந்திரன். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நேற்று, ஏப்ரல் 28 மாலை, அதே மனோ தங்கராஜ் ராஜ்பவனில் பதவியேற்றார். அதே பால்வளத் துறை. இப்போதும் ஏன் என்று யாரும் சொல்லவில்லை. இடையில் ஓடியது ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் பசு மாறியதா, பால் மாறியதா? அன்றைக்கு அவர் சரியில்லை என்றால் இன்றைக்கு எப்படிச் சரியானார்? அன்றைக்கே சரியாகத்தான் இருந்தார் என்றால் எதற்காக அந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்?

பால்வளத் துறையின் கதையையே பாருங்கள். 2021-இல் நாசர். 2023 மே மாதம் அவரை எடுத்துவிட்டு மனோ தங்கராஜ். 2024-இல் ராஜகண்ணப்பன். இப்போது மறுபடி மனோ தங்கராஜ். நாசர் என்ன ஆனார் என்று கவலைப்படாதீர்கள், அவரும் 2024-இலேயே சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சராகத் திரும்பி வந்துவிட்டார். பால் ஊற்றுகிறவரைக் கேட்டால், 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32-லிருந்து 35 ஆனதும், 2023 டிசம்பரில் ஊக்கத்தொகையாக இன்னொரு 3 ரூபாய் வந்ததும் நினைவிருக்கும். எது எந்த அமைச்சர் காலத்தில் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் ஆள் மாறிவிடுகிறார்.

வனத்துறை இதைவிட அழகு. ராமச்சந்திரன், மதிவேந்தன், பொன்முடி, இப்போது ராஜகண்ணப்பன். நான்கு வருடத்தில் நான்கு பேர். ஒரு தேக்கு மரம்கூட இதைவிடப் பொறுமையாக நிற்கிறது. ராஜகண்ணப்பன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. போக்குவரத்தில் தொடங்கி, பிற்படுத்தப்பட்டோர் நலத்துக்குப் போய், நடுவில் மூன்று மாதம் உயர்கல்வியைப் பார்த்து, பால்வளம் வந்து, இப்போது காட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கதர்த் துறை மட்டும், அந்த மூன்று மாதம் தவிர்த்து, சில வருடங்களாகக் கூடவே வருகிறது. இத்தனை துறைகளையும் ஒரு மனிதர் நான்கு வருடத்தில் கற்றுக்கொண்டிருப்பார் என்று நீங்கள் நம்பினால், உங்கள் நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு.

உடனே வருவீர்கள், 'இந்த முறை நீதிமன்றத்தால் வந்த மாற்றம், முதல்வர் என்ன செய்வார்' என்று. சரி. பணமோசடி வழக்கில் சிறையில் இருந்த செந்தில்பாலாஜிக்கு ஜாமீன் கிடைத்தது 2024 செப்டம்பர் 26. அமைச்சரானது 29. மூன்றே நாள். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்கும் நிலைமை எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா? பொன்முடி பெண்களை இழிவாகப் பேசிய பேச்சுக்குத் திமுக கட்சிப் பதவி ஏப்ரல் 11 அன்றே போய்விட்டது. அமைச்சர் பதவி போக 27 வரை ஆயிற்று. கட்சி மேடையில் துணைப் பொதுச்செயலாளராக இருக்கத் தகுதியில்லாதவர் பதினாறு நாள் கோட்டையில் அமைச்சராக இருக்கலாம் என்றால், இந்த இரண்டில் எதை உயர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? கட்சியையா, அரசாங்கத்தையா? இதையும் நான் கேட்கக் கூடாதாம்.

'அமைச்சர்களை மாற்றுவது முதல்வரின் உரிமை.' ஆமாம், அரசியல் சட்டம் 164-ஆவது பிரிவு. நாற்பது வருடம் அரசுக் கோப்பில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியாதா? 234 பேர் கொண்ட சட்டமன்றத்தில் அமைச்சர்கள் 35 பேரைத் தாண்டக் கூடாது என்பதும் தெரியும். உரிமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. காரணம் சொல்லுங்கள் என்கிறேன். ஒரு கடைநிலை ஊழியரை இடமாற்றம் செய்தால்கூட 'நிர்வாக நலன் கருதி' என்று ஒரு பொய்யையாவது எழுதுகிறோம்.

'ஜெயலலிதா மாற்றியபோது எங்கே போயிருந்தீர்கள்?' இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அப்போது நான் பணியில் இருந்தேன். நடத்தை விதிகள் என்று ஒன்று உண்டு, பேச முடியாது. ஆனால் 2012-இல் செங்கோட்டையனை எடுத்தபோது தேநீர்க் கடையில் நான் பேசியதைக் கேட்டவர்கள் இந்த நட்புப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். காலையில் டிவியைப் போட்டால்தான் தாம் இன்னும் அமைச்சரா என்பது அமைச்சருக்கே தெரியும் என்று ஊரே சிரித்த காலம் அது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள்தானே இன்றைக்குக் கைதட்டுகிறீர்கள்?

குஜராத்தைச் சொல்கிறார் ஒரு நண்பர். 2021-இல் பாஜக முதல்வர் ரூபானியையும் அவருடைய அமைச்சரவை முழுவதையும் கழற்றிவிட்டு, 2022-இல் 182-க்கு 156 இடம் வென்றார்களே என்கிறார். வென்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எப்போதிலிருந்து குஜராத்தை முன்மாதிரியாகக் காட்டத் தொடங்கினீர்கள் ஐயா? மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டம் என்று இன்னொருவர். தயவுசெய்து அந்த மனிதரை இதற்குள் இழுக்காதீர்கள். 1963-இல் அவர் முதலில் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அதற்கு மேல் என்ன சொல்ல?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று கேட்டால், அமைச்சர் மாறினால் கீழே என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அமைச்சர் மாறிய மறுநாள் முதல் வேலை சுருக்கக் குறிப்பு. துறையில் எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை வழக்கு நிலுவை. மூன்று நாள் வேறு வேலை நடக்காது. பிறகு சால்வைக்குத் தலைக்கு இவ்வளவு என்று வசூல். பிறகு ஆய்வுக் கூட்டம். போன அமைச்சர் கேட்ட அதே கேள்விகள், அதே பதில்கள், அதே முந்திரி பக்கோடா.

இன்னொன்று. எங்கள் அலுவலகத்தில் ஓர் உதவியாளர் பணிக்காலத்திலேயே இறந்துபோனார். எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் சிறியவர்கள். கருணை அடிப்படையில் வேலை கேட்டு விண்ணப்பிக்க அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. விவரம் தெரிந்து வருவதற்குள் மூன்று வருடக் கெடு தாண்டிவிட்டது. விதித் தளர்வு கேட்டுக் கோப்பை மேலே அனுப்பினோம். நான்தான் குறிப்பு எழுதினேன். அமைச்சரின் மேசை வரைக்கும் போய்விட்டது என்று செய்தி வந்த வாரத்தில் அமைச்சர் மாறினார். கோப்பு திரும்பி வந்தது: 'புதிய அமைச்சரின் பார்வைக்கு, தற்போதைய நிலையுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.' மீண்டும் அனுப்பினோம். அந்த அமைச்சரும் மாறினார். மீண்டும் வந்தது. தற்போதைய நிலை என்ன என்று எழுதுவது? அந்தம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார் என்றா?

மாதம் ஒருமுறை மஞ்சள் பையோடு வந்து என் மேசைக்கு எதிரில் நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். "சார், ஏதாவது வந்திருக்கிறதா?" அவ்வளவுதான் கேட்பார். நான் ஒவ்வொரு தடவையும் "மேலே இருக்கிறது அம்மா" என்று சொல்வேன். ஒருநாள், "மேலே யார் சார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கு யார் அமைச்சர் என்று எனக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது அமைச்சர் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். ஆனால் அதற்குள் அந்தம்மா வருவதை நிறுத்தியிருந்தார். ஆணையை எடுத்துக்கொண்டு நானே தேடிப் போனேன். வீடு காலி செய்துவிட்டார்கள், திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். கடிதம் போட்டோம், விலாசதாரர் இல்லை என்று திரும்பியது.

உங்களுக்கு இது சதுரங்கம். வடக்கில் இந்தச் சமூகம், தெற்கில் அந்த மாவட்டம், குமரிக்கு ஒருவர் வேண்டும் என்று காய் நகர்த்துகிறீர்கள், கைதட்டுகிறீர்கள். நகர்த்துங்கள். 2026 பிப்ரவரியில் தேர்தல் வேலை தொடங்கிவிடும், இருப்பது பத்து மாதம். அதற்குள் எத்தனை கோப்புகள் 'தற்போதைய நிலையுடன்' திரும்பி வரும் என்று யாராவது ஒரு பட்டியல் போடுங்கள்.

எனக்கு அரசியல் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம், மருமகனே. அந்தக் கோப்பின் எண் இன்னும் எனக்கு மனப்பாடம். கேட்டால் சொல்கிறேன்.