எந்தப் பரீட்சை, ஐயா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் நான் மறுபடி பகிரப் போவதில்லை. ஒரு விவாத மேடையில் ஓய்வுபெற்ற அதிகாரி ஐயா ஒருவர், எதிரே உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்ட மாநகராட்சித் தற்காலிக ஊழியரைப் பார்த்து, "நீங்க பரீட்சை எழுதியா வந்தீங்க?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அந்த மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் குனிந்துகொண்டார். இரண்டு நாளாக என் டைம்லைனில் அந்தக் கைதட்டல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பகிர்ந்தவர்களில் ஏழெட்டுப் பேர் எனக்கு நெருக்கமானவர்கள். "செம பதிலடி" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். சரி.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எந்தப் பரீட்சை?

அவர் சேர்ந்த வேலைக்கு எப்போது அறிவிப்பு வந்தது, எந்த மையத்தில் தேர்வு நடந்தது, ஹால் டிக்கெட் யார் அனுப்பினார்கள்? வைக்காத பரீட்சையை எப்படி எழுதுவது? வைக்க வேண்டிய நாற்காலியில் இவ்வளவு வருஷமும் யார் உட்கார்ந்திருந்தது? அந்த ஊழியரா? காலியிடம் இருக்கிறது என்று தெரிந்தும் நிரப்பாமல், "தற்காலிகமா பத்து பேரைப் போட்டுக்கோ" என்று கோப்பில் பச்சை மையில் எழுதியது யார்? கொல்லைப்புறமாக வந்தவன் என்று அவரைச் சொல்கிறீர்களே, கொல்லைக் கதவின் சாவி யார் இடுப்பில் இருந்தது?

பெருமை பேச நமக்குத் தேதிகள் நிறைய உண்டு. சென்னை மாநகராட்சி 1688இல் வந்தது, நாட்டிலேயே பழையது. மாகாண அளவில் இந்தியாவின் முதல் பணியாளர் தேர்வாணையமும் 1929இல் சென்னையில்தான் அமைந்தது. அரசியலமைப்பின் 321வது பிரிவைப் பாருங்கள். உள்ளாட்சி அமைப்புகளின் வேலைகளையும் தேர்வாணையத்தின் கீழ் கொண்டுவர வேண்டுமானால் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டால் போதும். 2022 ஜனவரியில் அரசு நிறுவனங்கள், வாரியங்களுக்கு ஆளெடுக்கும் பொறுப்பைத் தேர்வாணையத்திடம் கொடுக்க மசோதா நிறைவேறியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தேர்வாணையம் தொடுவதெல்லாம் அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடத்தை மட்டும்தான். குப்பை வண்டி ஓட்டுகிறவர், தண்ணீர் திறந்துவிடுகிறவர், கவுண்ட்டரில் சர்டிபிகேட் அடிக்கிறவர் எல்லோரும் "வெளிமுகமை" என்ற பெயரில் காண்டிராக்டர் பட்டியலுக்குப் போய்விட்டால் எந்த ஆணையம் பார்க்கும்? அங்கே அறிவிப்பு கிடையாது, தரவரிசை கிடையாது, இட ஒதுக்கீட்டுக்கான இனச்சுழற்சி கிடையாது. 69 சதவீதத்துக்காக இவ்வளவு சண்டை போட்ட மாநிலத்தில் இட ஒதுக்கீடு சத்தமில்லாமல் கரைகிற இடம் இதுதான். மாநகராட்சி வேலைகளை வெளிமுகமைக்கு விடும் அரசாணை 152ஐத் திரும்பப் பெறு என்று தட்டி பிடித்து நின்றவர்களைப் போக்குவரத்து இடைஞ்சல் என்று கடந்துபோனோம். 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டிடத்துக்கு வெளியே 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை நள்ளிரவில் அப்புறப்படுத்தியபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்தார்கள். பரீட்சை எழுதினாயா?

இப்போது என் கதை. நான் மூன்று வருஷம் ஒரு நகராட்சியில் தொகுப்பூதியத்தில் கணினி இயக்குபவராக இருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பிறப்பு இறப்புப் பிரிவு. பிரிவு எழுத்தரின் பாஸ்வேர்டில் நான் வேலை பார்ப்பேன், கையெழுத்து அவருடையது. வருகைப் பதிவேட்டில் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் நீல மையில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் எங்கள் பெயர்கள், பென்சிலில். முதல் நாள் நானே, "சார், பேனா இருக்கு" என்று நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இது இப்படித்தாம்மா" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

மார்ச் 31 அன்று "பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்" என்று ஒரு தாள் வரும். ஏப்ரல் 2 அன்று "நிர்வாக நலன் கருதி மீண்டும் ஈடுபடுத்தப்படுகிறார்" என்று இன்னொன்று. நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் தொடர்ச்சியான பணி என்று யாரும் வழக்குப் போட முடியாதாம். அந்த ஏப்ரல் 1 அன்றும் நான் வேலை பார்த்தேன், மூன்று வருஷமும். வராவிட்டால் கவுண்ட்டர் ஓடாதே. தேதியையாவது பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

துப்புரவுப் பிரிவில் ஒரு மேஸ்திரி அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன டைரி வைத்திருப்பார். தினமும் வேலை முடிந்ததும் ஒரு கோடு கிழிப்பார். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரத் தகுதி என்று சொல்லும் 1981ஆம் வருஷத் தமிழ்நாட்டுச் சட்டம் தொழில் நிறுவனங்களுக்கானது, தனக்குப் பொருந்துமா என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. 480 என்ற எண் மட்டும் தெரியும். ஒன்பது வருஷக் கோடுகள் வைத்திருந்தார். அவருடைய வேலைக்கு இந்த உலகத்தில் அந்த டைரியைத் தவிர வேறு பதிவேடே கிடையாது.

"அப்போ லட்சக்கணக்கான பேர் பரீட்சை எழுதிக் காத்திருக்காங்களே, அவங்க இளிச்சவாயங்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். 2024இல் தேர்வாணையம் நடத்திய குரூப் 4 தேர்வுக்கு இருபது லட்சத்துக்கு மேல் விண்ணப்பம், முதலில் அறிவித்த இடங்கள் 6,244. நானும் இரண்டு முறை எழுதியவள்தான், அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்கு வரவேண்டிய இடத்தை மேஸ்திரி அண்ணனா தின்றார்? இடத்தையே காண்டிராக்டாக மாற்றியவர்களை விட்டுவிட்டு, பரீட்சை எழுதியவனையும் எழுத வாய்ப்பில்லாதவனையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது ரொம்ப வசதி.

"தேர்வாணையம் மட்டும் யோக்கியமா?" இதுவும் வரும். 2020இல் குரூப் 4 முறைகேட்டில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்களே, விடைத்தாளில் எழுதிய கொஞ்ச நேரத்தில் மறையும் மை எல்லாம் வெளிவந்ததே என்பீர்கள். ஆமாம், வெளிவந்தது. தரவரிசைப் பட்டியல் என்று ஒன்று இருந்ததால், முன்வரிசையில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்களாகவே இருக்கிறார்களே என்று சாதாரணத் தேர்வர்கள் கண்டுபிடித்துக் கத்தினார்கள். காண்டிராக்டர் பட்டியலில் யாருக்காவது மறையும் மை தேவைப்படுமா? பென்சிலே போதும்.

காசு இல்லை என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. எதற்கெல்லாம் காசு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தற்காலிக ஊழியர்கள் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2006 உமாதேவி தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற வக்கீல் நண்பர்கள் அதை முழுசாகப் படியுங்கள். அனுமதிக்கப்பட்ட இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களை ஒருமுறை நடவடிக்கையாக வரன்முறைப்படுத்தவும் அதே தீர்ப்புதான் சொல்கிறது. அந்தப் பத்தி மட்டும் எந்த அலுவலகக் குறிப்பிலும் வராது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டக்காரர்கள் வழக்கில், நீக்கப்பட்டவர்களை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைச் சாக்காக வைத்து ஆட்களைச் சுரண்டாதே என்றும் சொல்லிவிட்டது. அதற்கு அவர்கள் இருபது வருஷம் கோர்ட் படி ஏறவேண்டியிருந்தது.

சான்பிரான்சிஸ்கோவில் 1900 முதல் நகரத்துக்கென்றே ஒரு சிவில் சர்வீஸ் கமிஷன் இருக்கிறது. வேலையை வெளியாளிடம் கொடுக்க நினைக்கும் துறை, பெரிய ஒப்பந்தம் என்றால் அந்தக் கமிஷன் முன்னால் போய், நகர ஊழியர்களால் இதை ஏன் செய்ய முடியாது என்று காரணம் சொல்ல வேண்டும். சங்கங்கள் ஆட்சேபிக்கலாம். கூட்டம் பொதுமக்கள் முன்னால் நடக்கும். அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை. காரணம் கேட்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இங்கே யாரிடம் போய்க் கேட்பது? டெண்டர் போட்டவரிடமேவா?

பாதிக்கப்பட்டவள் என்பதால் இப்படி எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், அதற்கென்ன? கைதட்டியவர்கள் எல்லாம் நடுநிலையாளர்களா?

பகிர்ந்தவர்களில் ஒருத்தி என் பள்ளித்தோழி. அவள் பையன் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருந்ததைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தவள் நான். அன்றைக்கு "நீ பரீட்சை எழுதி வந்தியாடி" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பையன் ஸ்கூல் அட்மிஷன் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வந்து அழித்துவிட்டேன். வேண்டாம், சின்னத்தனமாக இருக்கும்.

வேலையை விட்டபின், சம்பளப் பாக்கிக்காக அந்த மாதக் கடைசியில் ஒருமுறை அலுவலகம் போனேன். பதிவேடு மேசையில் திறந்து கிடந்தது. என் பெயர் இருந்த வரியில் வேறொரு பெண்ணின் பெயர், அதே பென்சிலில். ரப்பர் சரியாகப் படவில்லை போல. என் பெயரின் கடைசி எழுத்து மட்டும் அழியாமல் அவள் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது.