ஒட்ட விடாத பிரவுசர்

போன மாதத்திலிருந்து ஆபீஸ் வேலைக்கெல்லாம், தகவல் வெளியே போகாமல் காக்க கம்பெனி கொடுத்த புது பிரவுசர்தான். உள்ளே ஓடுவது குரோமுக்கும் அடிப்படையான குரோமியம் என்ற மென்பொருள் என்பதால் பார்க்க குரோம் மாதிரியே இருக்கும். குணம்தான் மாமியார் குணம்.

நேற்று ஒரு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் தேவைப்பட்டது. மொத்தமே 15 எழுத்து. காப்பி செய்து எக்செல்லில் ஒட்டினால் எண் வரவில்லை, 'அனுமதி இல்லை' என்ற வாசகம் வந்து ஒட்டிக்கொள்கிறது! சரி, ஸ்கிரீன்ஷாட் எடுப்போம் என்றால் வெறும் கறுப்புக் கட்டம். அப்புறம் என்ன, பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அதிலும் கடைசி எழுத்து சைபரா, ஓ-வா? திரை முழுக்கக் குறுக்கே என் ஈமெயில் முகவரியை வாட்டர்மார்க்காகப் போட்டிருக்கிறார்கள், அது சரியாக அந்த எழுத்தின் மேலேயே படுத்திருக்கிறது.

தகவல் கசியக் கூடாது, புரிகிறது. கண்ட எக்ஸ்டென்ஷனையும் (பிரவுசரில் சேர்க்கும் குட்டி நிரல்) போட விடாததுகூட நல்லதுதான். ஆனால் கசியக் கூடாத எண் இப்போது என் கையில், நீல மையில் இருக்கிறதே!

ஐடி டீமுக்குப் புகார் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் பதில்: 'பிரச்சினையின் ஸ்கிரீன்ஷாட்டை இணைக்கவும்.'