எண்ணெய் இல்லாமல் இல்லை

நீர்ப்பறவைகளின் இறகைப் பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. நீர்க்காகத்துக்கு, இறகில் தண்ணீர் ஒட்டாமல் பூசிக்கொள்ள உதவும் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, அதனால்தான் இறக்கையை விரித்துக் காயவைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சுரப்பி உண்டு. விஷயம் இறகின் அமைப்பில் இருக்கிறது: ஒவ்வொரு இறகிலும் வெளி ஓரம் நனையும், நடுப்பகுதி நனையாது. ஓரத்தில் சிக்கும் காற்று வெளியேறி மிதவை குறைவதால் சுலபமாக முங்குகிறது. உடம்பை ஒட்டிய காற்றுப் படலம் குளிர் தாக்காமல் காக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஏற்பாடு.

மதுரை மாடக்குளம் கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் காலை நடைக்குப் போகும்போது கருவேல மரத்தில் வரிசையாக இறக்கை விரித்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் சிறிய நீர்க்காகம்தான். ஜிலேபிக் கெண்டையைப் பிடித்து மேலே வந்து, தலைப்பக்கமாகத் திருப்பி முழுங்கும். பக்கத்திலேயே பாம்புத்தாராவும் இருக்கும், பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அலகைப் பாருங்கள்: நீர்க்காகத்துக்கு நுனி கொக்கி போல வளைந்திருக்கும், பாம்புத்தாராவுக்கு ஈட்டி மாதிரி நேராக இருக்கும்.

அப்புறம், ஃபிரிகேட் பறவையைப் பற்றி இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே! கடலை நம்பி வாழும் பறவை, ஆனால் கடலில் இறங்கி உட்கார முடியாது, இறகு நனைந்துவிடும். வாரக்கணக்கில் வானத்திலேயே கிடந்து, மற்ற பறவைகளைத் துரத்தி அவை கக்கும் மீனையும் பிடுங்கித் தின்னும். அதற்கு ஒரு தனிக் கட்டுரை போடுங்கள்.