டிமென்ஷியா நோயாளியிடம் பேசிப் பயனில்லை என்பது தவறு

"டிமென்ஷியா வந்தவங்களுக்கு எதுவும் புரியாது, டாக்டரும் நர்சும் கூட வந்தவரிடம் பேசினால் போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

டிமென்ஷியா என்பது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் நிலை. அதில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது புது விஷயங்களை நினைவில் வைக்கும் திறன். முகபாவம், குரலின் கடுமை, தொடுகை எல்லாம் வெகுகாலம் புரியும். சொன்னது மறந்தாலும், அதட்டியதில் வந்த பயம் தங்கிவிடும்.

பாளையங்கோட்டையில் என் ஆச்சியை அட்மிட் செய்திருந்தபோது, நர்ஸ் ஒருவர் பேசாமல் கையைப் பிடித்து ஊசி போட வந்தார், ஆச்சி தட்டிவிட்டாள். 'முரண்டு பிடிக்கிறார்' என்றார்கள். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் ஆச்சிக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, முகத்துக்கு நேரே குனிந்து, "ஆச்சி, கை வலிக்கா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கொஞ்சம் கழித்து ஆச்சி முழங்கையைக் காட்டினாள். பதில் வர நேரமாகும். அதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டால் முதல் கேள்வியும் போய்விடும்.

பேச்சே நின்றவர்களுக்கும் வலி உண்டு. அதைக் கணிக்க 2003-ல் வெளியான 'பெயினாட்' (PAINAD) என்ற வலி அளவுகோல் மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என ஐந்தையும் பார்த்து 10-க்கு மதிப்பெண் போடுகிறது.

அப்புறம், ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் 'நோய் முற்றிவிட்டது' என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது டெலிரியமாக, அதாவது வேறொரு உடல்கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவும் காரணமாகலாம். கண்டுபிடித்தால் பெரும்பாலும் தணியும். வழக்கமாக எப்படி இருப்பார் என்பதைக் கூட இருப்பவர்தான் டாக்டரிடம் சொல்ல முடியும். கூட வந்தவரிடம் பேச வேண்டும் என்று அவர் எழுதியது அந்த அளவுக்குச் சரி.