பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்

பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சின்ன விசயத்துக்கும் எரிந்து விழுந்தால் 'திமிர்' என்கிறோம். இரவிரவாக விழித்திருந்தால் 'போன் கெடுத்துப் போட்டுது'. ஒரு பெண் பிள்ளை திடீரென்று ரியூசனுக்குப் போக மாட்டேன் என்று நின்றால் 'ஏதோ காதல் விவகாரம்'. பி.ரி.எஸ்.டி என்று டொக்டர்மார் சொல்கிற மனவடு நோயாகவும் இருக்கலாமே என்ற யோசனை எங்கள் ஆசிரியர் அறைகளில் வருவதே இல்லை. நான் படிப்பிப்பது விஞ்ஞானம். உளவளத்துணைப் பயிற்சியும் எடுத்தபடியால் அந்தப் பொறுப்பும் என் தலையில். ஆகவே இது கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

'சண்டை 2009இல் முடிந்துவிட்டது. இவர்கள் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். இவர்களுக்கு என்ன மனவடு?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சண்டைக் காலத்துக் கணக்கு எங்களிடம் இருக்கிறது. ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகக்காரர்கள் எங்கள் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, போர் நடந்த பகுதிகளில் 420 மாணவர்களை நேர்கண்டார்கள். 92 வீதமானவர்கள் ஷெல்லடி, குண்டுவீச்சு, நெருங்கியவரின் சாவு என்று ஏதோ ஒன்றைக் கண்டிருந்தார்கள். 25 வீதமானவர்களுக்கு மனவடு நோய் இருந்தது. ஆனால் இந்த நோய்க்கு ஷெல் அவசியமில்லை. வீதி விபத்து போதும். வீட்டுக்குள் தூக்கில் தொங்கியவரை முதலில் கண்ட பிள்ளையாக இருப்பது போதும். சொந்தக்காரர் ஒருவரின் கை போதும். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இருந்த பிள்ளைகள் எந்தப் போரையும் காணாதவர்கள்தான்.

ரியூசனுக்குப் போகாத பிள்ளை என்றேன் அல்லவா? அப்படி ஒருத்தி எங்களிடம் இருந்தாள். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன். மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவள். விபத்தில் மாமா அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார்; அவளுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். மாதங்கள் போனபின் புள்ளிகள் சரிந்தன. தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அவள் அதை மறந்திட்டாள் ரீச்சர். ஒரு நாளும் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை" என்றார், ஆறுதலோடு. அவளைத் தனியே இருத்திக் கேட்டபோது வேறு கதை வந்தது. அந்தச் சந்தியைத் தவிர்க்க மூன்று ஒழுங்கைகள் சுற்றிப் போகிறாள். பெற்றோல் மணந்தால் வயிற்றைப் பிரட்டுகிறது. படுத்தால் அந்தச் சத்தம். அம்மா அழுவார் என்றுதான் வீட்டில் வாய் திறக்கவில்லை.

கதைக்காமல் இருப்பதை மறந்ததாக எடுக்கிறோம். அந்தக் கதைக்காமை தான் நோயின் ஒரு பகுதி. நினைவு வேண்டாத நேரத்தில் வந்து விழுவது, அதைக் கிளப்பும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் தவிர்ப்பது, 'எல்லாம் என்னால்தான்' என்பது போன்ற எண்ணங்கள், தூக்கமின்மையும் திடுக்கிடலும் எரிச்சலும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் உறவையும் குழப்பினால்தான் மனவடு நோய் என்ற பேச்சு. முதல் இரண்டு மூன்று கிழமை யாருக்கும் தூக்கம் வராது. அதற்குள் நோயென்று முத்திரை குத்தத் தேவையில்லை. பதின்ம வயதில் பயத்தைவிடக் கோபம்தான் முன்னுக்கு வந்து நிற்கும். சிலர் பைக்கை முறுக்குவார்கள், சிலர் குடிக்கப் பழகுவார்கள். தாய் தகப்பன் சொல்வதை மட்டும் நம்பினால் பாதி அறிகுறி தப்பிப்போகும். ஆய்வுகளிலும் பெற்றோர் சொல்வது பிள்ளை சொல்வதைவிடக் குறைவாகத்தான் வருகிறது.

ஆகவே பிள்ளையிடமே, தனியே, நேராகக் கேட்க வேண்டும். "செத்துப் போவன் எண்டு பயந்த மாதிரி, இல்லாட்டி வேற ஆருக்கும் அப்பிடி நடந்ததை நீ பாத்த மாதிரி ஏதும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்புறம் போன மாதம் அந்தக் கனவு எத்தனை நாள் வந்தது, எந்த இடத்துக்குப் போகாமல் விட்டாய் என்று ஒவ்வொன்றாக. இதற்கென்றே வினாக்கொத்துகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்னா ஃபோவா குழுவினருடையதில் அறிகுறிகளுக்கு 20 கேள்வி, அன்றாட வாழ்க்கைக்கு 7 கேள்வி. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்பதையும் கேட்டே ஆக வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது வெறும் பயம். துன்புறுத்தல் இன்னும் நடந்துகொண்டிருந்தால் பேச்செல்லாம் பிறகு, பாதுகாப்பு முதலில். சிறுவர் உதவிக்கு 1929 என்ற தொலைபேசி இலக்கம்.

எனக்குக் கோபம் வருவது மண்டபத்தில் நடக்கிற கூத்தில்தான். ஒரு அனர்த்தம் நடந்த கையோடு ஆட்கள் வந்திறங்குவார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, படிவத்தைக் கொடுத்து, பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கப் பார்க்க நிரப்பச் சொல்வார்கள். பிறகு படம் கீறல், பாட்டு, குழுப் படம், பிஸ்கட். அந்தப் படிவங்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்ட இடத்தில் பதில் வரவில்லை. கேட்டுவிட்டுக் கைவிடுவதைவிடக் கேட்காமலே விடலாம்.

நல்ல மனதோடு, முறையாகச் செய்தால்கூடக் குழு வேலை எல்லாருக்கும் பொருந்துவதில்லை. போர்க் காலத்தில் யாழ்ப்பாணப் பள்ளிக்கூடங்களில் 399 பிள்ளைகளோடு 15 அமர்வுகள் கொண்ட நிகழ்ச்சி ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. சிலரின் நடத்தைப் பிரச்சினை குறைந்தது உண்மை. ஆனால் முக்கிய அளவீடுகளில் மொத்தமாக வித்தியாசம் இல்லை. பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளோ, எதுவும் கொடுக்கப்படாமல் காத்திருந்தவர்களிடம்தான் கூடுதலாகக் குறைந்தன. எங்கள் மண்ணில் செய்த ஆய்வு இது. திட்டம் எழுதுகிறவர்கள் இதைப் படித்த மாதிரித் தெரியவில்லை.

அப்ப என்னதான் பலிக்கும்? நடந்ததை, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, ஒழுங்காகத் திரும்பச் சொல்வது. 'புண்ணைக் கிளறாதேங்கோ' என்று உடனே சொல்வார்கள். அந்தப் பயம் எனக்கும் விளங்கும். ஆனால் மனவடு நினைவு மணமாகவும் சத்தமாகவும் நெஞ்சிடியாகவும் தேதியில்லாமல் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் பெற்றோல் மணத்ததும் விபத்து இப்போதே நடப்பதுபோல் உடம்பு பதறுகிறது. எங்கே, எப்போது, அதற்கு முன் என்ன, பின் என்ன என்று சொல்லச் சொல்ல அது நடந்து முடிந்த ஒன்றாகிறது.

கிட்நெட் என்ற முறையைப் பார்த்தால் இது விளங்கும். நிலத்தில் ஒரு கயிறு. அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. பிறந்த இடத்திலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். கல்லைப் பிள்ளையே தெரிவுசெய்கிறது: இது சின்னன், இது பெரிசு. கயிற்றின் மிச்சம் சுருட்டியபடி கிடக்கும், அது இனி வரப்போகிற காலம். பிறகு ஒவ்வொரு அமர்விலும் கதையைக் கேட்டு எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார்கள். பிள்ளை திருத்தும், கூட்டிச் சொல்லும். கடைசியில் எழுதிய கதை பிள்ளையின் கைக்கே போகும்.

சுனாமிக்குப் பிறகு வடமராட்சி மணற்காட்டில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். பாதிப் பேருக்குக் கிட்நெட், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்த்தல் பயிற்சியும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 வீதமும் இரண்டாவதில் 71 வீதமும் தேறினார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஆய்வும் சின்னது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான 61 பதின்ம வயதுப் பெண்களோடு நடந்த ஆய்வில் (2013) முடிவு தெளிவு: ஆதரவாகப் பேசுவது மட்டும் செய்த குழுவும் தேறியது, நினைவை நேரே எதிர்கொண்ட குழு அதைவிட நன்றாகத் தேறியது. சிகிச்சை கொடுத்தவர்களும் சாதாரண ஆலோசகர்கள்தான்.

மருந்துக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு வரி: பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி (2018), 18 வயதுக்குட்பட்டவர்களின் மனவடு நோய்க்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்கிறது. மனச்சோர்வு சேர்ந்திருந்தால் வேறு கதை, அதை டொக்டர் பார்ப்பார்.

வலயக் கல்வி அலுவலகத்தில் இருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், எனக்கு இன்னொரு செயலமர்வும் சான்றிதழும் வேண்டாம். பயிற்சி எடுத்த ஆசிரியருக்குக் கிழமையில் நாலு பாடவேளை நேரசூசியில் ஒதுக்குங்கள். கதவு பூட்டக்கூடிய ஒரு அறை. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில், பிள்ளையை அனுப்பினால் பொறுப்பெடுக்கிற ஒருவரின் பெயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போதைக்கு அந்த அறை விளையாட்டுச் சாமான் களஞ்சியம். இடைவேளையில் மட்டும் எனக்குத் தருகிறார்கள்.