சோற்றுக்காக மட்டும் வரும் பாசமா?

'நாய் நம்மிடம் ஒட்டிக்கொள்வது சோற்றுக்காகத்தான்' என்று, நாய் வளர்ப்பைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையின் நடுவில் ஒரு வரி வருகிறது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மேலூர் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். எங்கள் வயலுக்குக் கிடை போட வரும் பெரியவரிடம் ஒரு செவலை நாய் உண்டு. தூக்குவாளியைத் திறந்ததும் முதல் கைச் சோற்றை மூடியில் வைத்து அதன் முன்னால் தள்ளுவார். அவர் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை அது குனியாது, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். போன மாசியில் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மகன் அதே மூடியில், அதே சோற்றை வைத்தார். மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சோறுதான் காரணம் என்றால் இதை என்னவென்று சொல்வது?

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் என்ற பாசத்தோடு தொடர்புள்ள ஹார்மோன் கூடுகிறது என்று 2015-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே சுரப்பதும் அதுதான். அவ்வளவு தூரம் போவானேன், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. திருடர்களைக் கடித்துத் தன் வீரனுக்குக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லிப் பொறித்திருக்கிறார்கள்.

அப்புறம், சிப்பிப்பாறை, ராஜபாளையம் இன நாய்களை வாங்கி மொட்டைமாடியில் கட்டிப்போடுபவர்களுக்கு ஒன்று. அவை ஓடப் பிறந்தவை. சாயங்காலம் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியையும் வருடா வருடம் மறக்காமல் போட்டுவிடுங்கள்.